பீஸ் ரேட் தையலருக்கு மிகைநேர ஊதியம்: கணக்கின் அடிப்படை எது?

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர் மிகைநேர ஊதியம் கேட்டால், ‘தைத்த பீஸ் அத்தனைக்கும் காசு கொடுத்தாச்சே, ஓவர்டைம் எங்கிருந்து வந்தது?’ என்ற பதில்தான் வரும். இந்த வாதம் சட்டத்தின் முன் நிற்காது. பீஸ் கூலி உற்பத்திக்குத் தரும் விலை. மிகைநேர ஊதியமோ ஓய்வுக்கு உரிய நேரத்தை எடுத்துக்கொண்டதற்கான ஈடு. முன்னதைக் கொடுத்ததால் பின்னது தீர்ந்துவிடாது. கான்ட்ராக்டர் வழியாக வந்தவர் என்பதும் சாக்காகாது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அவரையும் தொழிலாளி என்றே வரையறுத்தது.

நாளுக்கு 9 மணி நேரத்தையோ வாரத்துக்கு 48 மணி நேரத்தையோ தாண்டிய உழைப்புக்கு வழக்கமான வீதத்தில் இரு மடங்கு தர வேண்டும் என்றது அச்சட்டத்தின் 59ஆம் பிரிவு. பீஸ் ரேட்காரரின் ‘வழக்கமான வீதம்’ எது என்பதற்கு அதன் 3ஆம் உட்பிரிவு விடை சொன்னது: முந்தைய மாதத்தில் அதே வேலையில் அவர் உழைத்த நாள்களின் முழுநேர வருமானச் சராசரி. போனஸும் மிகைநேர ஊதியமும் அதில் சேராது.

ஏன் முந்தைய மாதம்? ஓர் எடுத்துக்காட்டு. ஒரு தையலர் சென்ற மாதம் 8 மணி நேர நாளுக்குச் சராசரியாக 600 ரூபாய், அதாவது மணிக்கு 75 ரூபாய், ஈட்டினார். இந்த வாரம் 60 மணி நேரம் தைக்கிறார். முதல் 48 மணிக்கு 3,600 ரூபாய். களைப்பில் வேகம் குறைந்து கடைசி 12 மணிக்கு 720 ரூபாய். சட்டப்படி அந்த 12 மணிக்கு உரியது மணிக்கு 150 வீதம் 1,800. பீஸ் கூலியாக வந்த 720 போக, இன்னும் 1,080 ரூபாய் பாக்கி. இதே வாரத்தின் சராசரியை எடுத்தால் வீதம் 72 ஆகிவிடும். பாக்கி 1,008 ஆகச் சுருங்கும். தொழிலாளியின் களைப்பு அவருடைய வீதத்தையே அறுக்கக் கூடாது என்பதுதான் முந்தைய மாதக் கணக்கின் நியாயம். அமெரிக்காவின் பொது விதி அந்த வாரத்து வருமானத்தை மொத்த மணிகளால் வகுத்து, 40 மணிக்கு மேற்பட்ட ஒவ்வொரு மணிக்கும் அதில் பாதியைக் கூட்டித் தருகிறது. அங்கே களைப்பின் சுமை தொழிலாளி மேலேயே விழுகிறது.

ஆனால் இந்தியச் சட்டத்திலும் ஓர் ஓட்டை இருந்தது. முந்தைய மாதம் அதே வேலை செய்யாதவருக்கு, மிகைநேரம் உழைத்த அந்த வாரத்துச் சராசரியையே கொள்ளலாம் என்றது விதிவிலக்கு. பின்னலாடையில் ஆர்டருக்கு ஆர்டர் ஸ்டைல் மாறும். ஸ்டைல் மாறினால் வேலையும் மாறியது என்று எடுத்துக்கொண்டால், விதி மறைந்து விதிவிலக்கே மிஞ்சும். என் கருத்தில், வேலையின் அடையாளம் தையல்முறைதான். சென்ற மாதம் காலர் பனியனுக்கு ஓவர்லாக் அடித்தவர் இந்த மாதம் வட்டக்கழுத்துப் பனியனுக்கு ஓவர்லாக் அடித்தாலும் செய்வது அதே வேலை. பாதுகாப்புக்காக எழுதிய விதியைப் பாதுகாப்பு அழியும்படி படிக்கலாகாது.

தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்துக்கு இயற்றப்பட்ட 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு, 27ஆம் பிரிவில் இரு மடங்கைக் காத்தது. நாள் கணக்கு, வாரக் கணக்கு இரண்டில் தொழிலாளிக்குச் சாதகமானதைக் கொள்ளவும் சொன்னது. இதை மனமார வரவேற்க வேண்டும். ஆனால் பீஸ் ரேட்டுக்கான சராசரி முறை அப்பிரிவில் இல்லை. 2019 ஊதியத் தொகுப்பின் 14ஆம் பிரிவும், குறைந்தபட்ச ஊதியம் மணி, நாள் அல்லது அதைவிட நீண்ட காலத்துக்கு நிர்ணயிக்கப்பட்டவரின் மிகைநேரத்தைப் பற்றியே பேசுகிறது. பீஸ் கணக்கில் நிர்ணயிக்கப்பட்டவர் அதன் சொற்களுக்கு வெளியே நிற்கிறார்.

ஆகவே மாநில அரசு தன் விதிகளில் முந்தைய மாதச் சராசரியைத் தெளிவாக எழுத வேண்டும். ‘அதே வேலை’ என்பதைத் தையல்முறையால் வரையறுக்க வேண்டும். பீஸ் ரேட்காரரின் ஊதியச் சீட்டில் பீஸ் எண்ணிக்கையோடு வேலை செய்த மணி நேரத்தையும் குறிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். மணி பதிவாகாத இடத்தில் எந்தச் சூத்திரமும் பயன்படாது.