பேய் எந்த பாஷை பேசும்? மணிச்சித்ரதாழும் அதன் ரீமேக்குகளும்

இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம். ஒரு சனிக்கிழமை ராத்திரி ஹாஸ்டலில் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து மூணு படம் போட்டோம். ரெண்டு தமிழ். மூணாவது, மலையாளப் பசங்க கொண்டு வந்த கேசட்: ‘மணிச்சித்ரதாழ்’. ஷோபனா ஒத்தைக் கையால கட்டிலைத் தூக்குற சீன்ல ரூமே கப்சிப். பக்கத்துல இருந்த கோட்டயத்துப் பையன் என் கையை இறுக்கிப் பிடிச்சிட்டான்.

எனக்குப் பயம் வரல. மறுநாள் மெஸ்ஸில் அவன் கேட்டான், “உனக்கு பேடி இல்லையா?” நான் சொன்னேன், “அவ எங்க பாஷைல்லாடா பேசுறா. எங்க வீட்டுல சண்டை நடந்தா இப்படித்தான் இருக்கும்.”

அப்போ ஜோக்காச் சொன்னது. பின்னாடி இந்தக் கதையோட ரீமேக் ஒவ்வொண்ணா வர வர, அந்த ஜோக்குக்குள்ளதான் விஷயமே இருக்குன்னு தோண ஆரம்பிச்சது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதிப் பார்க்கிறேன். (நாலு படத்தோட முடிவும் வெளிப்படும். பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க.)

ரீமேக் பேய்கள் புதுசில்ல

பேய்ப்படத்தை ரீமேக் பண்றது நமக்குப் பழைய வழக்கம். இந்தியில் 1964-ல் வந்த ‘வோ கௌன் தீ’ 1966-ல் ஜெயலலிதா நடிக்க ‘யார் நீ’ ஆனது. ராம் கோபால் வர்மாவின் ‘பூத்’ (2003) அடுத்த வருஷமே தமிழில் ‘ஷாக்’. தாய்லாந்துப் படம் ‘ஷட்டர்’ (2004) இங்கே ‘சிவி’யாக (2007) வந்தது, ஹாலிவுட்டும் 2008-ல் அதை எடுத்தது.

‘ஷட்டர்’ மாதிரிக் கதைகளை எந்த ஊருக்கும் அப்படியே தூக்கிட்டுப் போகலாம். ஒரு கேமரா, ஒரு பழைய துரோகம், போட்டோவில் விழும் ஒரு நிழல், இது போதும். பேய் வாயைத் திறக்கவே வேண்டாம். ‘மணிச்சித்ரதாழ்’ அப்படியில்லை. அதில் பயமே பேயோட மொழியில்தான் இருக்கு.

ஒரு வரி மட்டும் மாறும்

1993 டிசம்பரில் வந்த மூலப்படம். மது முட்டம் எழுத, ஃபாசில் இயக்கினார். பழைய தறவாட்டில் பூட்டிய தெக்கினி அறை. உள்ளே இருப்பது தஞ்சாவூரிலிருந்து கூட்டிவரப்பட்டு, வீட்டுக்காரர் சங்கரன் தம்பியால் கொல்லப்பட்ட நடனக்காரி நாகவல்லி. வீட்டு மருமகள் கங்கா மெல்ல மெல்ல நாகவல்லியாக மாறுகிறாள். மாறிட்டாள்னு நமக்கு எப்படித் தெரியுது? மலையாளம் பேசுற பெண் திடீர்னு தமிழ் பேசுகிறாள். அவ்வளவுதான்.

இதை ரீமேக் பண்ணும்போது ஒவ்வொரு ஊரிலும் என்ன ஆச்சுன்னு பாருங்க:

- மலையாளம், 1993, ‘மணிச்சித்ரதாழ்’: நாகவல்லி. பேசுவது தமிழ்.
- கன்னடம், 2004, ‘ஆப்தமித்ரா’: நாகவல்லி. பாடுவது தெலுங்கு.
- தமிழ், 2005, ‘சந்திரமுகி’: ஆந்திராவிலிருந்து வந்த சந்திரமுகி. தெலுங்கு.
- இந்தி, 2007, ‘பூல் புலையா’: மஞ்சுலிகா. வங்காளம்.

எங்க தொழில் பாஷையில் சொன்னா, கோடு அப்படியே இருக்கு, ஒரே ஒரு வேரியபிளை மாத்தியிருக்காங்க. அந்த வேரியபிளுக்கு ஒரு விதி உண்டு: பேய் வேற மாநிலத்துக்காரியா இருக்கணும். ரொம்பத் தூரமா இருந்தா புரியாது, சொந்த ஊரா இருந்தா பயம் வராது. பாதி புரிஞ்சு பாதி புரியாத பாஷைதான் முதுகுத்தண்டில் ஏறும்.

மூலப்படக்காரர்கள் இதில் எவ்வளவு கவனமா இருந்தாங்கன்னு ரெண்டு விஷயம் காட்டும். அந்த நடனப் பாட்டில் வரும் தமிழ் வரிகளை எழுதினது வாலி. கங்காவுக்கு டப்பிங் கொடுத்தவர் பாக்யலட்சுமி. நாகவல்லியோட குரலும் அவருடையதுதான்னு இருபது வருஷத்துக்கு மேல கேரளமே நம்பிட்டிருந்தது. உண்மையில் அது துர்கா என்ற தமிழ் டப்பிங் கலைஞரோட குரல்னு ஃபாசிலே பின்னாடி சொன்னார். ஒரே உடம்பு, ரெண்டு குரல். ஷோபனாவுக்கு தேசிய விருது கிடைச்சது. பேய்க்குக் குரல் கொடுத்தவங்க பேரு அவ்வளவு நாளும் வெளியே தெரியல.

வரலாறு என்ன சொல்லுது?

தஞ்சாவூர் ஆட்டக்காரி கேரளத்து வீட்டுக்கு வர்றது கற்பனைதான், ஆனா நடக்காத கற்பனையில்ல. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு, சுவாதித் திருநாளின் திருவிதாங்கூர் அரசவைக்குப் போனவர். சதிரும் சங்கீதமும் அந்தப் பாதையில் போயிருக்கு.

இன்னும் சுவாரசியமானது இது. தஞ்சை நாயக்கர் அரசவையில் தெலுங்குக்குத்தான் பெரிய இடம். சதிர்க் கச்சேரியில் ஆடின பதங்களில் பாதிக்கு மேல் க்ஷேத்ரய்யா மாதிரித் தெலுங்குக்காரங்களோடது. அதாவது நிஜமான தஞ்சாவூர் நாகவல்லி ஒருத்தி இருந்திருந்தா, அவளும் தெலுங்குலதான் நிறையப் பாடியிருப்பா. மலையாளப் படத்து ‘தமிழ்’ பேயும் தமிழ்ப் படத்து ‘தெலுங்கு’ பேயும் ஒரே பாட்டு வாத்தியார்கிட்ட படிச்சவங்க!

படம் எடுத்த இடம் அதைவிட வேடிக்கை. பல காட்சிகள் எடுத்தது பத்மநாபபுரம் அரண்மனையில். 1956-ல் கன்னியாகுமரி தமிழகத்தோடு சேர்ந்தபோது அந்த மண் நம்ம பக்கம் வந்தது, அரண்மனை நிர்வாகம் மட்டும் கேரளத்திடம் நின்னது. வீடு அவங்களது, நிலம் நம்மளது. இதில் அந்நியர் யாரு?

2005, தூத்துக்குடி

‘சந்திரமுகி’ தமிழ்ப் புத்தாண்டுக்கு வந்தது. வேலையிலிருந்து லீவு போட்டு ஊருக்கு வந்து, பள்ளிக்கூடச் சிநேகிதனோட பார்த்தேன். அவன் குடும்பம் கோவில்பட்டிப் பக்கம், வீட்டில் தெலுங்கு. கட்டபொம்மன் பூமியில் அது அதிசயமில்ல. ஜோதிகா கண்ணை உருட்டித் தெலுங்கில் கத்தும்போது தியேட்டரே மிரண்டுச்சு. இவன் மட்டும் சிரிச்சான்: “லே, எங்க அவ்வாவுக்குக் கோவம் வந்தா இப்படித்தாம்லே பேசுவா.” ஹாஸ்டலில் நான் சொன்ன அதே வசனம்!

வெளியே வந்து டீ குடிக்கும்போது அவனே இன்னொண்ணும் சொன்னான். “அவளை உசுரோட எரிச்சவனுக்குல்லா விசில் அடிச்சிட்டு வாறோம்.”

எனக்குச் சுருக்குன்னு இருந்தது. நானும் விசில் அடிச்சவன்தான்.

மூலத்துக்கும் ரீமேக்குக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அங்கதான் இருக்கு. மலையாளத்தில் மோகன்லால் வரும்போது படம் ஏறக்குறைய பாதியை நெருங்கிடும். அதுவரை அது கங்காவோட கதை. சின்ன வயசில் அப்பா அம்மா விட்டுட்டுப் போக, பாட்டியிடம் வளர்ந்த பொண்ணோட மனசு எங்க விரிசல் விட்டதுன்னு படம் தேடிப் போகும். தமிழில் ரஜினி முதல் காட்சியிலேயே சண்டையோட வந்துடுவார். தப்பு சொல்லல, அந்தப் படம் அப்படித்தான் ஓடும். சாந்தி தியேட்டரில் 800 நாள் தாண்டி ஓடவும் செஞ்சது. ஆனா கொலைகாரன் வேட்டையனும் ரஜினிக்கே ரெண்டாவது வேஷமானதும், ‘லக லக’ன்னு நாமெல்லாம் சொல்லித் திரிஞ்சது அவன் வசனத்தைத்தான், அவளோடதை இல்ல.

எங்க கடற்கரையில்

மூலப்படத்தில் எனக்குப் பிடிச்ச இடம் முடிவு. டாக்டர் சன்னி மனநல மருத்துவர், பேயை நம்பாதவர். ஆனாலும் மந்திரவாதியைக் கூட வச்சுக்கிட்டு முழு பூஜையும் நடத்துவார். நாகவல்லி பழிவாங்கிட்டதா நம்பணும், அவளுக்கு ஒரு பொம்மையை வெட்டக் கொடுப்பார்.

இது எங்க முத்துக்குளித்துறைக்குத் தெரிஞ்ச வைத்தியம். சுறா வாயைக் கட்ட மந்திரிக்கிறவங்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுத்தாங்கன்னு மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கார். அவங்களுக்குக் ‘கடல்கட்டி’ன்னு பேரு. மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், இலங்கை முத்துக்குளிப்பில், ஆங்கில அரசே கடல்கட்டிக்குச் சம்பளம் கொடுத்தது. துரைமார் மந்திரத்தை நம்பினாங்களா? இல்ல. ஆனா அவர் கரையில் நிக்காம ஒரு ஆளும் கல்லைக் கட்டிக் கடலில் இறங்க மாட்டான். சன்னியோட கணக்கும் அதுதான்.

அந்நியப் பேயும் எங்க பக்கம் உண்டு. 1809-ல் திருவிதாங்கூர் எல்லைச் சண்டையில் காயப்பட்டுச் செத்த போல் என்ற ஆங்கிலேயக் கேப்டனுக்குத் திருநெல்வேலிச் சீமை ஜனங்க சாராயமும் சுருட்டும் படைச்சாங்கன்னு கால்டுவெல் 1849-ல் எழுதினார். அகாலமாச் செத்தவன் எந்த ஊர்க்காரனா இருந்தாலும் அவனுக்குப் பிடிச்சதைப் படைச்சுச் சாந்தப்படுத்தணும், அதுதான் இங்கத்து முறை. அவனை அறைக்குள்ள வச்சுப் பூட்டல.

கடைசியா

என் வரிசை இது. முதல்ல ‘மணிச்சித்ரதாழ்’, சந்தேகமே இல்ல. ரெண்டாவது ‘ஆப்தமித்ரா’, அது வெளிவரும் முன்னாடியே விமான விபத்தில் போயிட்ட சௌந்தர்யாவுக்காக. மூணாவது வித்யா பாலனுக்காக ‘பூல் புலையா’. ‘சந்திரமுகி’ நாலாவது. ஆனா டிவியில் போட்டா இப்பவும் சேனல் மாத்த மாட்டேன், வடிவேலு இருக்காரே!

2024 ஆகஸ்டில் மூலப்படம் 4கே-யில் மறுபடி தியேட்டருக்கு வந்தப்போ பார்த்தேன். இந்தத் தடவை நான் கவனிச்சது பூட்டை. நாலு மொழியிலும் பேயோட பாஷை மாறுது, ஊர் மாறுது. ஒண்ணு மட்டும் மாறல. கொன்னவன் அந்த வீட்டுக்காரன், பூட்டும் பூஜையும் வெளியூர்லேர்ந்து வந்தவளுக்கு.

இனிமே யாராவது ரீமேக் பண்ணினா, பேய் அந்த ஊர்ப் பாஷையே பேசட்டும்னு ஆசை. அப்போ அது யாரைக் கூப்பிடுதுன்னு எல்லாருக்கும் புரியும்.