முக்காற்புள்ளிக்கு முன்னால் யார்?

சிகரெட் பெட்டி எச்சரிக்கையில் ஆச்சரியக்குறி போட்டு ஒன்றுகூட இதுவரை என் கண்ணில் பட்டதில்லை. ஆடித் தள்ளுபடிக்கு மூன்று போடுகிறார்கள். ஆளைக் கொல்கிற சமாசாரத்துக்கு ஒரு முற்றுப்புள்ளியோடு சரி. ஆனால் அந்த வாசகத்தில் நிஜமாகவே உழைக்கிற குறி, முக்காற்புள்ளி. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பொட்டு. அதற்கு முன்னால் யார் பெயர் இருக்கலாம் என்பதற்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிருக்கிறார்கள்.

கதை அமெரிக்காவில் ஆரம்பம். 1964 ஜனவரி 11-ம் தேதி, அரசின் தலைமை மருத்துவரான 'சர்ஜன் ஜெனரல்' லூதர் டெர்ரி, சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள உறவை அறிக்கையாக வெளியிட்டார். பங்குச் சந்தை ஆடிவிடக் கூடாதே என்று சனிக்கிழமையாகப் பார்த்து! உடனே வர்த்தக கமிஷன், 'சிகரெட் ஆபத்தானது, புற்றுநோயால் மரணம் நேரலாம்' என்று பெட்டியில் அச்சிட வைக்கப் பார்த்தது. விவகாரம் அமெரிக்க காங்கிரஸுக்குப் போனது. 1965-ல் அவர்கள் போட்ட சட்டத்தில் மரணத்தையும் காணோம், புற்றுநோயையும் காணோம். 1966-லிருந்து பெட்டியில் வந்தது இதுதான்: 'எச்சரிக்கை: சிகரெட் புகைப்பது உங்கள் உடல்நலத்துக்குக் கேடாக இருக்கலாம்.' அந்த 'லாம்'-ஐ கவனியுங்கள். எச்சரிப்பது யார் என்றும் சொல்லவில்லை.

1970-ல் 'லாம்' போச்சு. 'ஆபத்தானது என்று சர்ஜன் ஜெனரல் தீர்மானித்திருக்கிறார்' என்று ஆனது. 1985-ல் அவரே முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார். 'சர்ஜன் ஜெனரலின் எச்சரிக்கை', இரண்டு பொட்டு, அப்புறம் விஷயம்.

பெரிய டாக்டர் பெயர் இருந்தால் ஜனங்கள் பயப்படுவார்கள், நல்லதுதானே? இன்னொரு மாதிரியும் படிக்கலாம். 'இது அவர் சொல்றது. நாங்க ஒண்ணும் சொல்லலை.' கடைக்கு வருகிறவனிடம் இப்படி. கோர்ட்டுக்கு வருகிறவனிடம், 'அதான் பெட்டியிலேயே போட்டிருக்கே!' அதுவும் எடுபட்டது. 1969-ல் இயற்றிய அந்தச் சட்டத்துக்குப் பிறகு, 'விளம்பரத்தில் இன்னும் பலமாக எச்சரித்திருக்க வேண்டும்' என்று மாநிலச் சட்டப்படி நஷ்டஈடு கேட்க முடியாது என்று 1992-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. வழக்குப் போட்ட பெண்மணி 1984-லேயே நுரையீரல் புற்றுநோயில் போய்ச் சேர்ந்திருந்தார்.

இந்தப் பெயர் விஷயத்தில் கனடா உஷார். யார் சொன்னது என்று போடாமல் எச்சரிக்கையை மட்டும் அச்சிடவேண்டும் என்று 1988-ல் சட்டம் போட்டது. கம்பெனிகள் அலறின. எங்கள் பெட்டியில் மொட்டையாக ஒரு வாக்கியம் இருந்தால் அது நாங்களே சொன்ன மாதிரி ஆகிவிடும், சொல்ல விரும்பாததைச் சொல்ல வைப்பது கருத்துச் சுதந்திரத்துக்கு விரோதம் என்று வழக்கு. 1995-ல் ஐந்துக்கு நாலு நீதிபதிகள் கணக்கில் கம்பெனிகள் ஜெயித்தன! அரசு 1997-ல் புதுச் சட்டம் எழுதி, பெயருக்கு இடம் விட்டது. ஆனால் 2000-ம் வருட விதிகளில் பெட்டியின் முகப்பில் பாதியைப் படத்தோடு கேட்டு வாங்கிக்கொண்டது. 2007-ல் அதே கோர்ட் இதை ஒருமனதாக ஒப்புக்கொண்டது.

நம் ஊரில் 1975-ம் வருடச் சட்டம் தந்தது 'ஸ்டாச்சுடரி வார்னிங்', இரண்டு பொட்டு. டாக்டரும் இல்லை, சர்க்காரும் இல்லை, சட்டம்தான் பேசியது. அதுவும் சிகரெட்டிடம் மட்டும். சிகரெட் என்றால் என்ன என்று விளக்கிய இடத்திலேயே பீடி, சுருட்டு சேராது என்று எழுதிவிட்டார்கள். 2003-ல் வேறு சட்டம் வரும்வரை பீடிக்கட்டிடம் யாரும் எதுவும் பேசவில்லை.