வாக்குக் கேட்டு வந்தவர், தேர்ந்தெடுத்து அழைக்கப்பட்டவர்

சங்கரன்கோவிலை அடுத்த மேலநீலிதநல்லூர் வட்டாரத்தில் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றும் பெண்கள் ஏராளம். அந்தக் கூலியில் படிக்கும் பிள்ளை ஒன்று நீதிபதியாக ஆசைப்பட்டால் அதற்கு வழி உண்டா? இருவர் வந்த வழிகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

சுரேந்திரன் கே. பட்டேல் கேரளத்தின் காசர்கோட்டுக்காரர். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ஓராண்டு முழுநேரமாகப் பீடி சுற்றினார். பிறகு கல்லூரிக்குப் போனார். அங்கேயும் வேலை விடவில்லை, வருகைப்பதிவு குறைந்தது. ஆசிரியர்களிடம் மன்றாடித் தேர்வெழுதி முதலிடம் பெற்றார். கோழிக்கோட்டில் விடுதி வேலை பார்த்தபடி 1995-ல் சட்டப் படிப்பை முடித்தார். 2007-ல், செவிலியரான மனைவியின் வேலையை ஒட்டி அமெரிக்கா சென்றார். பன்னிரண்டு ஆண்டுகள் வழக்காடியவர் அங்கே மளிகைக் கடையில் நின்றார். டெக்சாஸ் வழக்கறிஞர் தேர்வை எழுதினார். 2017-ல் குடியுரிமை பெற்றார். 2022-ல், அங்கே வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் நீதிபதி பதவிக்குப் போட்டியிட்டு, சொந்தக் கட்சியின் உள்தேர்தலில் பதவியிலிருந்த நீதிபதியையே வென்று, பொதுத்தேர்தலிலும் ஜெயித்தார். அவருடைய மலையாளம் கலந்த ஆங்கில உச்சரிப்பைக் குறைசொன்னவர்கள் இருந்தார்கள். டெக்சாஸின் ஃபோர்ட் பெண்ட் மாவட்ட வாக்காளர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

ப. சதாசிவம் ஈரோடு மாவட்டம் கடப்பநல்லூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். குடும்பத்தின் முதல் பட்டதாரி. கல்லூரிப் படிப்பு சிவகாசியில், நம் சங்கரன்கோவிலுக்குத் தொலைவில்லாத ஊர். 1973-ல் வழக்கறிஞராகப் பதிந்தார். அரசு வழக்கறிஞர் பொறுப்புகளைக் கடந்து 2001-ல்தான் உயர்நீதிமன்ற நீதிபதியானார். 2013-ல் இந்தியத் தலைமை நீதிபதி.

பதவியின் உயரத்தில் இருவரையும் ஒப்பிட முடியாது. கதவைத் திறந்தது யார் என்பதே எனக்கு முக்கியம். பட்டேலுக்கு வாக்காளர் திறந்தார்கள். ஆனால் அங்கே நீதிபதி வேட்பாளர் பிரசாரத்துக்கு நிதி திரட்ட வேண்டும். நாளை தன் முன் வழக்காடப் போகிறவர்களும் அதைக் கொடுக்கலாம். நான்காண்டுக்கு ஒருமுறை மறுபடியும் வாக்குக் கேட்க வேண்டும். சாதிக் கணக்குப் போட்டுத் தேர்தல் நடத்தும் நம் மண்ணில் இந்த முறை வரவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். சதாசிவத்துக்குத் திறந்தவர்கள் மூத்த நீதிபதிகள். நிதி கொடுத்தவர்களுக்குப் பட்ட கடன் அவருக்கு இல்லை. மாறாக, அந்த நீதிபதிகள் கண்ணில் படும்வரை இருபத்தேழு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் பிள்ளைக்கு நெருக்கமானது மூன்றாவது வழி: தேர்வாணையத் தேர்வெழுதி உரிமையியல் நீதிபதியாவது. பணபலமும் சிபாரிசும் இல்லாதவருக்கு உரிய வழி அதுதான். ஆனால் 2025 மே மாதம் உச்சநீதிமன்றம், மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் இருந்தால்தான் அந்தத் தேர்வெழுதலாம் என்று தீர்ப்பளித்தது. அனுபவம் தேவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த மூன்று ஆண்டும், சீனியரிடம் தொழில் பழகும் ஜூனியர் வழக்கறிஞரின் வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே! கிராமப்புற ஜூனியருக்கு மாதம் 15,000 ரூபாயாவது கொடுக்கலாம் என்று இந்திய பார் கவுன்சில் 2024-ல் பரிந்துரைத்தது. பரிந்துரைதான், கட்டாயமில்லை. அதைக் கட்டாயமாக்குங்கள், சீனியரால் முடியாத இடத்தில் அரசு கொடுக்கட்டும்.