செமி பிளஃப் எனும் பாதி உதார்

போக்கர் ஆட்டத்தில், கையிலுள்ள சீட்டு இப்போதைக்குத் தேறாது, ஆனால் இனி விழும் சீட்டால் தேறக்கூடும் என்ற நிலையில் துணிந்து பந்தயம் கட்டுவதற்கு செமி பிளஃப் என்று பெயர். எதிராளி மிரண்டு சீட்டைக் கவிழ்த்தால் அங்கேயே வெற்றி. மிரளாவிட்டாலும், காத்திருந்த சீட்டு விழுந்தால் வெற்றி. வெறும் பிளஃபுக்கு முதல் வழி மட்டுமே உண்டு. அது முழு உதார், இது பாதி உதார்.

பெயரைத் தந்தவர் அமெரிக்க ஆட்டக்காரரும் நூலாசிரியருமான டேவிட் ஸ்க்லான்ஸ்கி. 'தி தியரி ஆஃப் போக்கர்' என்ற தம் நூலில் இதற்கென ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கினார்.

ஆனால் போக்கர் பிறந்தபோது இந்த உத்திக்கு இடமே இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸிலும் மிசிசிப்பி ஆற்று நீராவிப் படகுகளிலும் ஆடியவர்களின் கட்டில் 20 சீட்டுகளே இருந்தன. நால்வருக்கு ஐந்தைந்தாகப் போட்டால் கட்டு தீர்ந்துவிடும். இனி வரவேண்டிய சீட்டு எதுவும் இல்லை. உதார் விட்டால் முழுதாகத்தான் விட வேண்டும். 52 சீட்டுக் கட்டும், வேண்டாத சீட்டைக் கொடுத்து வேறு வாங்கும் விதியும் வந்த பிறகே நம்பிக்கைக்கும் உதாருக்கும் ஒரே கையில் இடம் கிடைத்தது.

கணித மேதை ஜான் வான் நாய்மனும் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னும் 1944-இல் வெளியிட்ட விளையாட்டுக் கோட்பாட்டு நூலில் போக்கரை ஆராய்ந்தார்கள். பிளஃப் என்பது குணக்கோளாறல்ல, சரியான ஆட்டத்தின் ஒரு பகுதி என்று கணக்கால் நிறுவியது அந்த ஆய்வின் பெருமை. எனினும் அவர்களுடைய எளிய மாதிரியில் கை மாறுவதே இல்லை. எனவே மிக மோசமான கைகளே உதாருக்கு உரியவை. கை மாறும் ஆட்டத்தில் நடுவே நிற்கும் கைக்கு என்ன மதிப்பு என்பதை ஆட்டக்காரர்களின் மொழியில் விளக்கியதே ஸ்க்லான்ஸ்கியின் பங்களிப்பு.

பாதி உதார் முழு உதாராக மாறும் கணத்தை 2003 உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் பார்க்கலாம். 839 பேர் கலந்துகொண்ட அந்தப் போட்டியின் இறுதியில் மோதியவர்கள் டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கரும், கைதேர்ந்த சாம் ஃபார்ஹாவும். மேசையில் இருவருக்கும் பொதுவான நான்கு சீட்டுகள் விரிந்திருந்தன. இன்னோர் இஸ்பேட் விழுந்தால் மணிமேக்கருக்கு ஐந்தும் ஒரே இனமான ஃப்ளஷ். 5 அல்லது 10 விழுந்தால் ஐந்தும் வரிசையாக அமையும் ஸ்ட்ரெய்ட். கையில் அப்போது ஒரு ஜோடிகூட இல்லை. ஃபார்ஹாவிடம் இரண்டு 9 சேர்ந்த ஒரு ஜோடி. ஃபார்ஹா கட்டிய பந்தயத்தை மணிமேக்கர் உயர்த்தினார். அது செமி பிளஃப். ஐந்தாவதாக வந்ததோ ஆர்ட்டின் 3. எதிர்பார்த்த எதுவும் வரவில்லை, இனி வரவும் சீட்டில்லை.

அப்போதும் அவர் பின்வாங்காமல் மீதமிருந்த அத்தனை சிப்புகளையும் முன்னே தள்ளினார். ஃப்ளஷ் தவறிவிட்டதா என்று ஃபார்ஹா வாய்விட்டே சந்தேகப்பட்டார். நெடுநேரம் யோசித்து, வென்றிருக்கக்கூடிய சீட்டைக் கவிழ்த்தார். போட்டியின் முடிவில் பட்டமும் 25 லட்சம் டாலரும் மணிமேக்கருக்குப் போயின.