திராட்சையும் தேறலும்: ஒரு சொல் வரலாறு
கோலார்த் தங்கவயலின் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன; அம்மாவட்டத்தின் திராட்சைக் கொடிகளோ இன்றும் காய்க்கின்றன. அங்கும் விளையும் பெங்களூர் நீலம் 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. மதுவாக்கத்திற்கும் அது பயன்படுகிறது. இக்கனியைக் கன்னடர் திராக்ஷி என்பர். மலையாளிகள் முந்திரி என்பர். தமிழிலும் கொடிமுந்திரி என்னும் வழக்கு உண்டு. எனினும் முந்திரி என்பது, போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொணர்ந்த மரத்தின் பருப்பைக் குறிப்பதாயிற்று.

கனியின் பெயரைவிட மதுவின் பெயரே மொழிபெயர்ப்பாளருக்கு இடர் தருவது. விவிலியத் தமிழின் 'திராட்சரசம்' நொதித்ததா, நொதியாததா என்பதைப் புலப்படுத்துவதில்லை. புறநானூற்றின் 56ஆம் பாடல் யவனர் கொணர்ந்த மதுவைத் தேறல் என்கிறது; 1945இல் அரிக்கமேட்டு அகழாய்வில் கிட்டிய மத்தியதரைக்கடற் சாடி ஓடுகள் இவ்வணிகத்திற்குச் சான்று. தேறுதலாவது தெளிதல். ஆயின், கள்ளின் தெளிவும் தேறலே. ஆகவே 'திராட்சைத் தேறல்' என அடைகொடுத்து ஆளுதலே தகும்.