யாருடைய பண்பாட்டை மதித்தார்கள்?

பவானி ஆறு கூடுதுறைக்கு வருமுன் சத்தியமங்கலத்தைத் தொட்டு வருகிறது. அந்தச் சத்தியமங்கலத்தில் 17ஆம் நூற்றாண்டிலேயே சேசு சபையின் மதுரை மிஷனுக்கு ஒரு கிளை இருந்தது. மண்ணின் பண்பாட்டை மதித்த மறைப்பணி என்று இன்றும் போற்றப்படும் மிஷன் அது. தோழர்களே, யாருடைய பண்பாட்டை மதித்தார்கள் என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

1606இல் மதுரை வந்த ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தார், புலால் துறந்தார், பிராமண சந்நியாசியாக வாழ்ந்தார். பூணூலும் குடுமியும் சமூக அடையாளங்களே, மத அடையாளங்கள் அல்ல என்று வாதாடினார். 1623இல் போப் 15ஆம் கிரகோரி நிபந்தனைகளோடு அதை ஏற்றார். அந்த ஒரே வாதத்தில் சாதியும் 'பண்பாடு' ஆகிவிட்டது. சந்நியாசி சேரிக்குள் கால் வைக்க முடியாது. ஆகவே 1640 முதல், தாழ்த்தப்பட்டோரோடும் பழகக்கூடிய பண்டாரசாமிகள் என்ற வேறு வகைக் குருக்கள் வந்தார்கள். அவர்களை நாம் குறைத்துச் சொல்லவில்லை. நம் மக்களைத் தேடி வந்தவர்கள் அவர்கள்தாம்.

நூறாண்டு கழித்து என்ன நிலை? சாகக் கிடக்கும் பறையரின் வீட்டுக்குள் போய்த்தான் குரு அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வேண்டும் என்று ரோமாபுரி கட்டளையிட நேர்ந்தது. பறையருக்கென்றே தனிக் குருக்களை ஏற்படுத்துகிறோம் என்றார்கள் சேசு சபையார். 1744இல் போப் 14ஆம் பெனடிக்ட் சம்மதித்தார். கட்டளையும் மீறப்படவில்லை, தீட்டும் மீறப்படவில்லை!

சீர்திருத்தத் திருச்சபையார் சாதியைக் கண்டித்தார்கள். ஆனாலும் 'தமிழ்ப் பண்பாடு' என்று அவர்கள் கண்டெடுத்தது எது? ஈரோட்டில் லண்டன் மிஷன் ஊழியராக இருந்த எச்.ஏ. பாப்லி நல்ல மனிதர், தமிழை நேசித்தவர். குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1921இல் இந்திய இசை பற்றி நூல் எழுதினார். ஊர் ஊராக அவர் பாடியது கர்நாடக இசையும் கதாகாலட்சேபமும். பறை அந்தக் கணக்கில் வரவில்லை.

அதைக் கணக்கில் கொண்டுவந்தவர் நம்மவர். மதுரை அரசரடி இறையியல் கல்லூரி ஆசிரியர் ஜே. தியாபிலஸ் அப்பாவு, 'பரட்டை', நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டையே எழுதினார். எல்லாரும் ஒரே உலையில் பொங்கி உண்பதே அவருக்கு நற்கருணையின் பொருள். கிராமத்தார் தம் பாடலைத் தாமே மாற்றிப் பாட வேண்டும், அதற்கு இடம் கொடுக்கும் இசையே விடுதலை இசை என்றார்.

எதிர்ப்பும் நம்மிடமிருந்தே வந்தது. சாவுக்கு அடிக்கச் சொல்லி நம் தோளில் கட்டிய பறையைக் கோயிலுக்குள்ளும் சுமப்பதா என்று கேட்டவர்கள் உண்டு. இழிவென்று அதைக் கீழே வைத்தவர்களும், உரிமையென்று கையில் எடுத்தவர்களும் ஒரே தெருவில் வாழ்கிறார்கள். அவர்களுக்குள் நடக்கும் இந்த வாக்குவாதத்தில் தீர்ப்புச் சொல்ல எந்த மிஷனுக்கும் வேலையில்லை.