தென் மாவட்டங்களில் கிறிஸ்துமஸ் விருந்தோம்பல்

கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கிறிஸ்தவக் குடும்பங்கள், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் உறவினரை டிசம்பர் கடைசி வாரத்தில் சொந்த ஊர் வீட்டில் தங்கவைத்து உபசரிப்பது வழக்கம். வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களை எதிர்கொள்பவர்கள் ஊரோடு தங்கிவிட்ட பெற்றோர், அல்லது பூர்வீக வீட்டில் குடியிருக்கும் அண்ணன் தம்பி குடும்பம்.

இப்பகுதியில் கிறிஸ்தவம் பழையது. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களில் கத்தோலிக்கரானார்கள். பிரான்சிஸ் சவேரியார் 1542இல் அவர்களிடையே வந்து சேர்ந்தார். சீர்திருத்தத் திருச்சபை மிஷனரிகளில் ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூருக்கும், ரேனியஸ் 1820இல் பாளையங்கோட்டைக்கும் வந்தார்கள். 2011 கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம் போன்ற ஊர்களில் மிஷன் பள்ளிகள் தந்த படிப்பு, பல தலைமுறைகளை ஆசிரியராகவும் செவிலியராகவும் அலுவலராகவும் வெளியூருக்கு அனுப்பியது. கிறிஸ்துமஸ் இங்கே ஊர் திரும்பும் பண்டிகை ஆனதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

யார் எப்போது வருவார்கள் என்பதைத் திருச்சபை நாட்காட்டியைவிட அரையாண்டுத் தேர்வு விடுமுறையும் ரயில் டிக்கெட்டும்தான் தீர்மானிக்கின்றன. சென்னையிலிருந்து வரும் கன்னியாகுமரி, அனந்தபுரி, நெல்லை, முத்துநகர் விரைவு வண்டிகளில் டிசம்பர் 22, 23 தேதிகளுக்கான இடங்கள் முன்பதிவு தொடங்கியதுமே தீர்ந்துவிடும். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்ததால், ஆகஸ்ட் கடைசியில் நடந்த இந்தப் போட்டி இப்போது அக்டோபர் கடைசிக்கு நகர்ந்திருக்கிறது. டிக்கெட் கிடைக்காதவர்களுக்கு ஆம்னி பேருந்துதான் கதி. கட்டணத்தைக் கேட்டால் தலை சுற்றும். வடகிழக்குப் பருவமழையும் குறுக்கிடுவதுண்டு. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டித் தாமிரபரணிக் கரை ஊர்கள் மூழ்கியபோது, பண்டிகைக்கு ஒரு வாரமே இருந்தது.

வீட்டின் ஆயத்தம் பலகாரத்தில் தொடங்கும். குமரி மாவட்டத்தில் பெயர்பெற்றது முந்திரிக்கொத்து. வறுத்துத் திரித்த சிறுபயற்று மாவோடு வறுத்த தேங்காய்த் துருவல், எள், ஏலம், சுக்கு சேர்த்து, கருப்பட்டி அல்லது வெல்லப் பாகு ஊற்றிச் சூடு ஆறுவதற்குள் உருட்ட வேண்டும். உருண்டைகளை மும்மூன்றாக மாவுக் கரைசலில் தோய்த்துப் பொரிப்பார்கள். ஈரம் குறைவென்பதால் பத்து நாளுக்கு மேல் தாங்கும். வருகிறவர்கள் ஊருக்குக் கொண்டுபோகவும் உதவும். அச்சுமுறுக்குக்குக் கைப்பழக்கம் தேவை. அரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை கலந்த கரைசலில், எண்ணெயில் நன்றாகக் காய்ந்த அச்சை முக்கால் உயரத்துக்கு மட்டுமே முக்க வேண்டும். விளிம்பைத் தாண்டி மாவு ஏறிவிட்டால் முறுக்கு அச்சைவிட்டுக் கழன்று வராது. அத்தை, சித்தி, மதினி எல்லாரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சுட்ட பலகாரம் இது. இப்போது பல வீடுகளில் ஆர்டர் கொடுத்து வாங்குகிறார்கள். பிளம் கேக்கும், தூத்துக்குடிப் பக்கத்து மக்ரூனும் பெரும்பாலும் பேக்கரிச் சரக்குதான்.

கத்தோலிக்க வீடுகளில் 24ஆம் தேதி நள்ளிரவுத் திருப்பலி முடிந்து திரும்பியதும் கேக் வெட்டுவார்கள். சி.எஸ்.ஐ. சபைகள் பலவற்றில் 25ஆம் தேதி அதிகாலை நான்கு, ஐந்து மணிக்கே ஆராதனை. டிசம்பர் முதல் தேதியிலிருந்து ‘இருபத்தைந்து நோன்பு’ இருக்கும் சீரோ மலபார் குடும்பங்களுக்கு அன்றைய கறிதான் நோன்பு திறக்கும் கறி. காலையில் ஆப்பமோ இடியாப்பமோ இட்லியோ, தொட்டுக்கொள்ளக் கறிக்குழம்பு, மதியம் பிரியாணி.

இருபது பேர் தங்கும் வீட்டில் ஒன்றிரண்டு குளியலறையே இருக்கும். அதிகாலை ஆராதனைக்கு முன் எல்லாரும் குளித்தாக வேண்டும் என்பதால் வெந்நீர் அடுப்பு இரண்டு மணிக்கே எரியும். கட்டில் முதியவர்களுக்கு; மற்றவர்களுக்குப் பட்டாசாலையில் (கூடத்தில்) வரிசையாகப் பாய். இந்தப் பாடெல்லாம் பெரும்பாலும் வீட்டு மருமகள் தலையில்தான் விழுகிறது. விடுமுறைக்கு வந்த ஆண்கள் திண்ணையில் காலை நீட்டிக் கதை பேசுவதும், அவள் பாத்திரத்தோடு மல்லுக்கட்டுவதும் எந்தச் சபைப் பிரசங்கத்திலும் அதிகம் இடம்பெறாத விஷயம்.

புதுமணத் தம்பதிக்கு மணமான பின் வரும் முதல் கிறிஸ்துமஸ், தலை கிறிஸ்துமஸ். தலை தீபாவளிபோலவே பெண் வீட்டார் நேரில் போய் அழைத்து, மாப்பிள்ளைக்குத் துணியும் பல வீடுகளில் மோதிரமும் எடுப்பார்கள். வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் அக்கம்பக்கத்து இந்து, முஸ்லிம் வீடுகளுக்குப் பலகாரத் தட்டு போய்விடும். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் அங்கிருந்து வந்ததற்கான பதில் மரியாதை அது. பிள்ளைகள்தாம் தூது.

26ஆம் தேதி சம்பந்தி வீடு, மாமா வீடு என்று போய்வரும் நாள். கடற்கரை ஊர்களில் அந்த நாளின் குணம் 2004இல் மாறிவிட்டது. அவ்வாண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, பண்டிகை வீடுகள் நிறைந்திருந்த நேரத்தில் ஆழிப்பேரலை குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஊர்களைத் தாக்கியது. கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தவர்களும் அதில் மாண்டார்கள். இன்றும் அங்கே 26 நினைவுத் திருப்பலிக்கான நாள். வந்த உறவினர் அதில் கலந்துகொண்ட பிறகே மற்ற வீடுகளுக்குப் போகிறார்கள்.

விடுப்பு இருப்பவர்கள் டிசம்பர் 31 இரவு ஆராதனைவரை இருந்து, புத்தாண்டு வாக்குத்தத்த வசன அட்டையை வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள். திரும்பும் டிக்கெட் வந்த டிக்கெட்டைவிடக் கடினம். ஜனவரி முதல் ஞாயிறு இரவு நாகர்கோவில், திருநெல்வேலி ரயில் நிலையங்களில் முன்பதிவில்லாப் பெட்டிக்கு முண்டியடிப்பவர்களின் கையில் துணிப்பையைவிடப் பலகார டப்பாவும், கருவாட்டுப் பொட்டலமும், தேங்காய் மூட்டையுமே அதிகம்.